வெங்காயப் படகுக்குச் சாட்சி

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்குச் சளித்தொல்லை விட்டுவிட்டது. எரிந்த கிடங்குக்கு ஒரு பக்கம் தகரம் போட்டாயிற்று. மழைக்கு இனிப் பயமில்லை.

போர் நஷ்டஈட்டு அதிகாரி கிடங்கை நேரில் பார்த்துவிட்டார், அதில் சிக்கலில்லை. படகு விஷயத்தில்தான் பிடித்துக்கொண்டார். குண்டுபட்டு மூழ்கியது சரக்குப் படகா, ஆயுதம் ஏற்றிய படகா என்று கேட்டார். ஆயுதம் என்றால் ஒன்றும் கிடையாதாம். அன்று படகில் இருந்தது நீங்களும் இன்ஜின் டிரைவரும்தான். நீங்களோ வரமாட்டேன் என்று எழுதிவிட்டீர்கள். வேறு வழியில்லாமல் டிரைவர் வீட்டுக்குப் போனேன்.

கால் போன மனிதர் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்று எனக்கும் தயக்கம்தான். அவர், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு கிளம்பிவிட்டார்.

அதிகாரியிடம், "ஏத்துனது பூரா வெங்காயம் சார். மூட்டை கிழிஞ்சு துறைமுகம் முழுக்க மிதந்துச்சு. துப்பாக்கி மிதக்குமா?" என்றார். அதிகாரி பேனாவையே எடுக்கவில்லை. அப்போது வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "நானே ஒரு கூடை பொறுக்கினேன். தீர்ற வரைக்கும் உப்புப் போடாமத்தான் சமைச்சேன்" என்றாள். பின்னாலிருந்து ஒருவர் நானும்தான் என்றார். அப்புறம் பாதி வரிசை கை தூக்கியது. நம் வெங்காயத்தைத் தின்றவர்களெல்லாம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்!

கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள், அண்ணா. பணம் தவணையாகத்தான் வரும். ஆனாலும் அதே அளவில் ஒரு பழைய படகாவது வாங்கிவிடலாம்.

வெளியே வந்ததும், மறுபடி வேலைக்கு வருவீர்களா என்று அவரைக் கேட்டேன். "இன்ஜின் பார்க்கக் கை போதும். ஆனா உங்க அண்ணன் ஓட்டாத படகுல நான் ஏறமாட்டேன். அன்னைக்கு என்னை முதுகுல போட்டுக்கிட்டு நீந்தினவரு, அப்புறம் ஒரு தடவைகூட வந்து பார்க்கலியே" என்றார். சிரித்தபடி ஆரம்பித்தவர், முடிக்கும்போது சிரிக்கவில்லை.

அங்கே லாரி ஷெட்டில் நீங்கள் உட்கார்ந்திருந்தது போதும். புறப்பட்டு வாருங்கள். ஆனால் நேரே வீட்டுக்கு வரவேண்டாம். முதலில் அவர் வீட்டுக்குப் போய், ஒரு வாய் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். இத்தனை நாள் காத்திருந்த அண்ணி, அந்த நேரமும் காத்திருப்பார்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
தங்கை