பாதி கழுவிய வீடு

மே 6, செவ்வாய்

காலையில் துடைப்பத்தை எடுத்தேன். கட்டிலுக்கடியில் மகள் பிரித்திகாவின் ரிப்போர்ட் கார்டு கிடந்தது. அதை வைக்க பீரோவைத் திறந்தேன். பீரோவில் போட்டோக்கள். பார்க்க உட்கார்ந்தேன். மணி இரண்டு. துடைப்பம் எங்கே போனதென்று இப்போதும் தெரியவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து, "ஏட்டி, காலைல இருந்து என்னத்தத்தான் செஞ்ச?" என்றார். எனக்கே தெரிந்தால்தானே சொல்ல.

மே 7, புதன்

போன மாதம் திருநெல்வேலி டாக்டர் எனக்கு ஏ.டி.எச்.டி., கவனக்குறைபாடு என்று சொன்னார். முப்பத்தாறு வயதில். "சோம்பேறித்தனம் இல்லம்மா, ஒரு வேலையைத் தொடங்குறதும் முடிக்கிறதும்தான் உங்களுக்குக் கஷ்டம்" என்றார். பஸ்ஸில் சந்தோஷத்தில் அழுதேன். வீட்டில் சொன்னபோது அவர் சிரித்தார். "சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷ்ல பேரு வச்சுட்டாவளா?"

மே 9, வெள்ளி

எப்போதும்வென்றான் ஊரிலிருந்து அவருடைய அக்கா, பிரேமலதா மதினி வந்தார்கள். அடுப்படிக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்கள். "எங்க ஆட்டுத் தொழுவம் இதவிட நல்லா இருக்கும்." லீவுக்கென்று பிரித்திகாவைக் கூட்டிப் போனார்கள்.

பிறகு அவர் சொன்னார்: "இந்த மாசத்துக்குள்ள வீட்ட வீடா ஆக்கு. இல்லன்னா ஸ்கூல்ல டி.சி.ய வாங்கி அக்கா ஊருலயே சேத்துருவேன்."

ஒன்பது வயதுப் பிள்ளையை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

மே 13, செவ்வாய்

ஒரு வழி கிடைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு வேலுத்தாய் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவள். பேச்சுத்துணைக்கு வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு மணி நேரத்தில் எல்லாப் பாத்திரத்தையும் கழுவி, அடுப்பு மேடையையும் துடைத்துவிட்டேன். அவள் ஒரு கரண்டியைக்கூடத் தொடவில்லை. சும்மா இருந்தாள், அவ்வளவுதான். ஆள் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் என் கை நிற்காமல் ஓடுகிறது. ஏன்? யாருக்குத் தெரியும்.

நாளைக்கும் வருவாயா என்று கூச்சத்தோடு கேட்டேன். "வாரேன்க்கா. எங்கன இருந்து ஒட்டுனா என்ன?" என்றாள்.

மே 19, திங்கள்

ஹால் முடிந்தது. அலமாரிகளும் முடிந்தன. அவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். திட்டவில்லை என்பதற்கே மனசு குதிக்கிறது. சீ, இதற்கெல்லாமா.

மே 28, புதன்

நாளை குழாயில் தண்ணீர் வரும். பத்து நாளைக்கு ஒரு தடவை. எங்கள் தெருவில் போர்வெல்லும் வற்றிவிட்டது. நாளை மாலையே மதினி பிள்ளையோடு வீடு பார்க்க வருகிறார்கள். கழுவ வேண்டியது தரை மட்டும்தான். குடங்களைத் தேய்த்து வாசலில் வைத்துவிட்டேன்.

மே 29, வியாழன்

தண்ணீர் வந்துவிட்டால் எல்லாரும் அவரவர் குழாயடியில்தான். வேலுத்தாய் தன் வீட்டுக் குடங்களைப் பிடிப்பாளா, என் வீட்டில் வந்து உட்காருவாளா? இது எனக்கு உறைக்கவே இல்லை.

இரண்டு குடம் பிடித்து உள்ளே கொண்டுவந்தேன். குளியலறை மூலையில் உப்புக்கறை கண்ணில் பட்டது. பழைய பிரஷ்ஷால் ஒரு நிமிடம் தேய்ப்போம் என்று உட்கார்ந்தேன். எழுந்தபோது குழாயில் காற்றுதான் வந்தது. பிடித்த இரண்டு குடமும் அந்த மூலைக்கே போயிருந்தது. நான்கு டைல்ஸ் பளபளவென்று இருந்தது. வீட்டில் மற்ற இடமெல்லாம் என் ஈரக்காலின் கரிசல் மண்.

வந்ததும் மதினி குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். வேலுத்தாயிடம் ஒரு செம்பு வாங்கி வந்தேன்.

"தண்ணி வார அன்னைக்கு ஒரு குடம் பிடிச்சு வைக்கத் துப்பில்ல. இவகிட்ட எப்படிடே பிள்ளைய விடுத?" என்று தம்பியிடம் கேட்டார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன் — டாக்டர் சொன்னத, மூளை அப்படின்னு, வேணும்னு செய்யலன்னு — சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒருத்தரும் காதுல வாங்கல. பிரித்திகா மட்டும் குளியலறையை எட்டிப் பார்த்து, "இங்கன நல்லா இருக்கும்மா" என்றாள்.

ஜூன் 4, புதன்

டி.சி. வாங்கிவிட்டார். அப்பா கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

ஜூலை 20, ஞாயிறு

வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது. கலைக்க ஆள் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலாண்டு லீவுக்குப் பிரித்திகா வந்திருக்கிறாள். செருப்பைச் சுவரோரமாக ஒட்டி வைத்தாள். நாற்காலியில் உட்காரலாமா என்று என்னிடம் கேட்டாள். வாட்டர் பாட்டில் இரண்டு, ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று தொலைத்தாளாம். அப்படியே நான்தான். மதினி அடித்தார்களா, எத்தனை தடவை என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். போதும் என்றேன்.

சாப்பிடும்போது கை பட்டு தம்ளர் கவிழ்ந்தது. துள்ளி எழுந்து பாவாடையாலேயே துடைத்தாள்.

"தெரியாமக் கொட்டிட்டேன் அத்தை. இனிமே கொட்ட மாட்டேன்."

அத்தை என்று சொன்னது அவளுக்கே தெரியவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. மத்தியானம் அவர் பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். "பஸ்ஸுக்கு நேரமாகுது, அவள வரச் சொல்லு."

பையை அவர் கையிலிருந்து வாங்கி நடு ஹாலில் கவிழ்த்தேன். "என்னட்டி செய்யுத?" என்றார். கீழே கிடந்த துணியைத் தாண்டி வெளியே போய்விட்டார். காலையில் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கேட்க வேண்டும்.

துணியெல்லாம் இன்னும் அங்கேயே கிடக்கிறது. பிரித்திகா அதன் மேலேயே படுத்துத் தூங்குகிறாள்.