ஓக் அலமாரியில் மூன்று துளைகள்

நவம்பர் 18, திங்கள்

டெரிக் அண்ணனுக்கு நுரையீரல் தேறிவிட்டது. ஆனால் வீடு கதகதப்பாக இருந்தால்தான் அனுப்புவோம் என்று மருத்துவமனையில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அவன் வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லர் செத்தே போய்விட்டது. மாரீன் அக்காவுக்கு அது வசதியாகப் போயிற்று. முதியோர் குடியிருப்பில் அவனுக்கு ஒரு அறை பார்த்து, பளபளவென்று அதன் விளம்பரப் புத்தகத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு அலைகிறாள். அங்கே புறா வளர்க்க விடமாட்டார்கள். புறா இல்லாமல் டெரிக் ஒரு மாதம் தாங்கமாட்டான்.

எங்கள் பர்ன்லி ஊரில் பாதிப் பேர் வீட்டுச் சுவரில் நான் மாட்டிய பாய்லர்தான் தொங்குகிறது. கூடப்பிறந்தவனுக்கு மாட்டமாட்டேனா? நான் போடுகிறேன், அவன் தன் வீட்டுக்கே வருவான் என்று மாரீனிடம் சொன்னேன்.

"பனி நேரத்துல அது ஒரே ஒரு தடவை நின்னாலும் அவனைக் கூட்டிட்டுப் போயிடுவேன், பெவ். அப்புறம் நீ வாயைத் திறக்கக்கூடாது."

சரி என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்கென்ன புதிதா?

நவம்பர் 21, வியாழன்

பாய்லர் மாட்டுவது பெரிய காரியமில்லை. அதிலிருந்து சொட்டும் தண்ணீரை எங்கே விடுவது? அதுதான் தலைவலி. இந்தக் காலத்துப் பாய்லர் புகையைக் குளிரவைத்து அதன் சூட்டையும் பிழிந்துகொள்ளும். அந்தப் புகை அமிலத் தண்ணீராகி, பாய்லர் ஓடும்போதெல்லாம் சொட்டும். வழி அடைபட்டால் குடகுடவென்று சத்தம் போட்டு நின்றுவிடும்.

மருத்துவமனையில் டெரிக்கிடம் பேசினேன். எதிர்வீட்டு ஸ்டான்லி மாதிரி சுவரைத் துளைத்து வெளியே விடு, மழைக்குழாய் பக்கத்திலேயே இருக்கிறதே என்றான். அந்த மழைக்குழாய் நேராகப் பீப்பாய்க்குப் போகிறது. பீப்பாயிலிருந்துதான் புறாக்களுக்குத் தண்ணீர் வைக்கிறான்! செம்பையே அரிக்கிற தண்ணீர் அது என்றதும் முகம் சுருங்கியது. அப்படியானால் முற்றத்துச் சாக்கடைக்கு விடு என்றான். வெயிலே படாத வடக்குச் சுவர். முதல் பனியிலேயே குழாய்க்குள் தண்ணீர் கல்லாகிவிடும்.

மிச்சம் ஒரே வழி. வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள கழிவுக்குழாயில் சேர்ப்பது. நடுவில் அவனுடைய அலமாரிகள் நிற்கின்றன. ஓக் மரம். ஒரு குளிர்காலம் முழுக்க அவனே இழைத்துச் செய்தவை.

"என் அலமாரில துளை போட்டே, கையை ஒடிச்சிடுவேன் பாத்துக்கோ."

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. நான் அவன் போர்வையை இழுத்துவிட்டேன். சம்மதித்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

போட்டாயிற்று. மூன்று துளைகள். ஓக் தூளின் வாசனை எழுந்தபோது அவன் குளிர்காலம் முழுக்க இழைத்தது நினைவுக்கு வந்தது, பொய் சொல்வானேன்.

பிளாஸ்டிக் குழாய்தான், செம்பு கிடையாது. வழி நெடுக இறக்கம், எங்கேயும் தொய்வில்லை. பாய்லருக்கு உள்ளேயே தண்ணீர் நின்று புகையை மறிக்கிற வளைவு இருக்கிறது. அதை நிரப்பிவிட்டு, மேலும் ஒரு ஜாடி ஊற்றிப் பார்த்தேன். சொட்டுக்கூடத் தேங்காமல் இறங்கியது. அழகான வேலை. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

டிசம்பர் 2, திங்கள்

டெரிக் வீட்டுக்கு வந்துவிட்டான். நேராகப் புறாக்கூட்டுக்குப் போனான். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தான், மூடினான். மாரீனுக்கும் தனக்கும் தேநீர் போட்டான். எனக்கு இல்லை.

டிசம்பர் 11, புதன்

கடும் பனி. தெருவில் பாதி வீடுகளில் பாய்லர் நின்றுவிட்டது. ஸ்டான்லி குளியல் அங்கியோடு முற்றத்தில் நின்று, கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து உறைந்த குழாய்மேல் ஊற்றிக்கொண்டிருந்தான். டெரிக்கின் பாய்லர் பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே ஸ்டான்லியைப் பார்த்துக்கொண்டே டெரிக் என்னிடம் கேட்டான்:

"டீ குடிக்கிறியா?"

டிசம்பர் 26, வியாழன்

நின்றுவிட்டது.

காலையில் மாரீனே கூப்பிட்டுச் சொன்னாள். குரலில் வெற்றி இல்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. போய்ச் சேர்ந்தபோது டெரிக் இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான். மேசைமேல் அந்த விளம்பரப் புத்தகம்.

நானா தப்புச் செய்தேன்? எங்கே? குழாய் வீட்டுக்குள்தான் இருக்கிறது, உறைய வழியே இல்லை. தொட்டியில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், தடையில்லாமல் போனது. அப்படியானால் பாய்லர் குழாய் மட்டும் ஏன்?

தொட்டிக்கு அடியில், அது கழிவுக்குழாயோடு சேரும் இடத்தைக் கழற்றினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று மெழுகுவர்த்தி மாதிரி ஒரு கட்டி. முகர்ந்து பார்த்தேன். வாத்துக் கொழுப்பு!

நேற்றுக் கிறிஸ்துமஸ் விருந்தை இங்கே சமைத்தது மாரீன். வாத்து வறுத்த தட்டிலிருந்த கொழுப்பைச் சுடச்சுடத் தொட்டியில் கொட்டி, பின்னாலேயே வெந்நீரும் ஊற்றியிருக்கிறாள், அம்மா செய்வது போலவே. தொட்டி அடைத்துக்கொண்டதும் அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தை வைத்து அமுக்கு அமுக்கு என்று அமுக்கியிருக்கிறாள். தொட்டியின் அடைப்பு விட்டது. கொழுப்பு பக்கத்துப் பாய்லர் குழாய்க்குள் ஏறி உறைந்துவிட்டது.

கட்டியைத் தட்டில் வைத்து அவள் முன்னால் நீட்டினேன். என்னென்னவோ கத்தினேன். வேணும்னே பண்ணினியா, அவனைக் கொண்டுபோய் அடைக்கத்தான் பண்ணினியா என்றுகூடக் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. மாரீன் அழுதாள். அவள் அழுது அம்மா சாவுக்கு அப்புறம் இன்றுதான் பார்க்கிறேன்.

"அவன் இங்க தனியா கிடந்து செத்துட்டா நான் என்னடி பண்ணுவேன்? சாவு சொல்லிட்டா வரும்?"

டெரிக் குறுக்கிட்டான். "நான் இன்னும் சாகல, ரெண்டு பேரும் பாய்லரைப் போடுங்க. குளிருது."

மாரீன் விளக்கைப் பிடித்தாள். நான் குழாயைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டினேன். நடுப்பகலுக்குள் வீடு சூடாகிவிட்டது. விளம்பரப் புத்தகத்தை அவள் பைக்குள் எடுத்து வைத்ததைப் பார்த்தேன். அவனைக் கூட்டிப்போவேன் என்ற பேச்சை அவள் எடுக்கவேயில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

இன்னும் பனி. பாய்லர் ஓடுகிறது.

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஜாம் பாட்டில், 'கொழுப்பு' என்று மாரீன் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. இணைப்பைச் சரிபார்க்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். மூன்று துளைகளையும் சுற்றி ஓக் வளையம் — இழைத்து, மெருகேற்றி, என் குழாய்க்கு மயிரிழை பிசகாமல். டெரிக் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கவில்லை. வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு அலமாரியை மூடினேன்.

வெளியே புறாக்கூட்டுக்குள் எட்டிப்பார்த்தேன். முட்டையிடும் பெட்டிகளின் அடியில் பளபளவென்று தாள், அதில் முதியோர் குடியிருப்பின் பூந்தோட்டமும் சிரிக்கிற கிழவர்களும். யார் கிழித்துப் போட்டது என்று பின்னாலேயே வந்த டெரிக்கிடம் கேட்டேன்.

"மாரீன்தான் கொண்டுவந்து கொடுத்தா. தாள் நல்ல தடிமனாம்."