பழைய பச்சையா, புதிய பச்சையா

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. காலை முழுக்கக் கடல்நீர் தயாரிப்பு. டெல்லியில் கடலுக்கு எங்கே போவது, உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் கரைப்பதுதான். பக்கத்து மேசை ரம்யா, இங்கே சரோஜினி நகரில் வளர்ந்தவள், பேச்சில் பாதி இந்தி: "சாம்பாருக்கு உப்பு டீக்கா, சரியா இருக்கான்னு பாருடி."

என் கடல் நுண்பாசிகள் பெருகுவதை நிறுத்திவிட்டன. அவற்றின் பச்சையத்தின் அளவும் மாறவில்லை. ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு பார்த்துவிட்டு, "இஸ் மே நயா க்யா ஹை?" என்றார், இதில் புதிதென்ன என்று. புதிதாக எதுவும் இல்லையென்றால் ஆய்வேட்டிலிருந்து இந்த அத்தியாயமே போய்விடும். வெள்ளிவரை அவகாசம்.

அளவு மாறாமலே உள்ளே பழையது சிதைந்து, புதியது உருவாகிக்கொண்டே இருக்கிறது என்று தோன்றுகிறது. தோன்றினால் போதாது.

ஜூலை 9, புதன்

எடை கூடிய கார்பனைக் குடுவைகளில் சேர்த்தேன். புதிதாக உருவாகும் பச்சையத்தில் மட்டுமே அது ஏறும். ஒரு குடுவை வெளிச்சத்தில். இன்னொன்று அலுமினியத் தாள் சுற்றி இருட்டில். வெளிச்சமில்லாமல் பாசி கார்பனை எடுக்காது. இருட்டுக் குடுவையிலும் அது தெரிந்தால் நான் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். எல்லாம் வீண்.

மதியம் கரண்ட் கட். ஜெனரேட்டர் ஓடிக் குடுவைக்கு வெளிச்சம் வரும்வரை எனக்கு உயிர் இல்லை. ரம்யா: "அரே, பாசிக்கும் லஞ்ச் பிரேக் வேணும்ல." அப்போது சிரிக்கவில்லை. மெட்ரோவில் தனியாகச் சிரித்தேன்.

வாங்க: குடை, தோசை மாவு, கறுப்பு மார்க்கர்.

ஜூலை 10, வியாழன்

பாசியை வடிகட்டி, கழுவி, மறுபடி கழுவி, பச்சையத்தைப் பிரித்தெடுத்தேன். செல்களை எண்ணினேன். கூடவில்லை. மாலை, வெளிச்சக் குடுவையின் முடிவு. எடை கூடிய கார்பன் ஏறியிருக்கிறது! பெருகாத செல்லில் புதுப் பச்சையம்.

அம்மா போனில்: "குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"
"சந்தோஷம்மா."
"என்னடி விஷயம்?"
"பாசி."
"ஓ. சாப்டியா?"

இருட்டுக் குடுவை நாளைக்குத்தான்.

ஜூலை 11, வெள்ளி

தூக்கம் சரியில்லை. குடையை ஆட்டோவில் விட்டுவிட்டேன், போகட்டும். கைடு வெளிச்சக் குடுவையின் படத்தைப் பார்த்தார். நின்றபடியே, "டார்க் வாலா?" என்று இருட்டுக் குடுவையைக் கேட்டார்.

கார்பனை அளக்கும் கருவி ஓடியது. கைடு, ரம்யா, நான், மூவரும் திரையைப் பார்த்தபடி. இயல்பாகவே இருக்கும் எடை கூடிய கார்பனுக்கு மேல் துளி ஏற்றம் இல்லை. கோடு தரையோடு கிடந்தது. கழுவியது சரிதான், வெளிச்சத்தில் ஏறியது புதுப் பச்சையமேதான்.

"ஃபிளாட்டுடி," என்றாள் ரம்யா. "ஏக்தம், சுத்தமா ஃபிளாட்."

கைடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.