இரண்டு பிளேயர்களில் அவர் குரல்

சிங்கப்பூர், மார்ச் 4, 2023, சனி

பழைய டிவிடி பிளேயர் பழுதாகிவிட்டதென்று என் கணவருடைய அக்கா புஷ்பராணி சுவா சூ காங் கடையிலிருந்து புதிதாக ஒன்று வாங்கிவந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து இவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் பவித்ராதான், “வீட்டு வீடியோ போட்டுக் காட்டுங்க, அவர் குரலை அவரே கேட்கட்டும்” என்றாள்.

மகள் சயந்தினியின் ஐந்தாவது பிறந்தநாள் டிஸ்க்கைப் போட்டேன். இவர் குரல் மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல வந்தது. யாராவது கையை அசைத்தால் கையின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடுகள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 5

டிஸ்க் கெட்டுவிட்டதா? வேறு பிரதி கிடையாது. இவர் பேசுகிற வீடியோ இது ஒன்றுதான்.

மார்ச் 7

எதிர்வீட்டு அப்துல் ஹமீதின் பழைய பிளேயரைக் கேட்டேன். “எடுத்துக்கோங்க லா, சும்மாதான் கிடக்கு.” இவர் தூங்கும்போது போட்டுப் பார்த்தேன். அதே டிஸ்க், அதே டிவி. குரல் நன்றாகவே கேட்டது! கோடுகளும் இல்லை. டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. அப்புறம் ஏன் இப்படி?

மார்ச் 9

வேலை முடிந்து சிராங்கூன் ரோட்டில் முபாரக்கின் டிவி, பிளேயர் கடைக்குப் போனேன்.

“டிஸ்க்ல இருக்கிறது வெறும் நம்பர்தான்க்கா. அதைப் படமாவும் சத்தமாவும் மாத்துறது பிளேயரோட வேலை. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி மாத்தும்.”

வீட்டுக் கேமராவில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாகப் பதிவாகுமாம். அதைச் சரியாகச் சேர்க்காவிட்டால் சீப்புப் பல். குரல் மங்கலாகக் கேட்பதற்குக் காரணம் புது பிளேயரில் உள்ள ‘சரவுண்ட்’ வசதி. தியேட்டர் மாதிரி இருக்கட்டுமென்று சத்தத்தை இரு பக்கமும் பரப்பிவிடும். நடுவில் நிற்க வேண்டிய பேச்சுக்குரல் அமுங்கிப்போகும். “அதை ஆஃப் பண்ணுங்க, போதும்.” படத்துக்கு எதை மாற்றுவதென்றும் காட்டினார்.

மார்ச் 10

மாற்றினேன். ஹமீதின் பிளேயரைவிடத் தெளிவு. இவர் கன்னத்து மச்சம்கூடத் தெரிந்தது. கேக்குக்குப் பின்னால் நின்று, மைக் பிடித்த மாதிரி கத்தியைப் பிடித்துக்கொண்டு, “பெரியோர்களே, தாய்மார்களே” என்று ஒரு பிரசங்கம். வீடே சிரிக்கிறது.

நானும் சிரித்துவிட்டு இவரைப் பார்த்தேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார் — இல்லை. இடது கையால் ரிமோட்டைத் தட்டிவிட்டு அழுதார்.

ஐயோ, நான் என்ன செஞ்சுட்டேன்? குரல் சரியா கேட்கலன்னுதானே அன்னைக்குத் திரும்பிக்கிட்டாருன்னு நினைச்சேன்? தன் குரலைக் கேட்டதுதான் அவருக்குத் தாங்கல. ஒவ்வொரு வார்த்தையும் புரியற மாதிரி வேற ஆக்கிக் கொடுத்தேனே —

மார்ச் 11

டிவியைப் போடவில்லை. இவர் என்னைப் பார்க்கவும் இல்லை.

மார்ச் 14

பவித்ராவிடம் சொன்னேன். “சாரி ஆன்ட்டி, எல்லாருக்கும் இது ஒத்துவராது. டிஸ்க் வேணாம். நீங்களே பேசுங்க. பேசிட்டுக் கொஞ்சம் காத்திருங்க.”

காத்திருப்பதுதான் எனக்கு வராது. இவர் நன்றாகப் பேசிய காலத்திலேயே இவர் வாக்கியத்தையும் நானே முடித்துப் பழகிவிட்டேன்.

மார்ச் 19

ஹமீதின் பிளேயரைத் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 26, ஞாயிறு

மதியம் சாதம் பிசைந்துகொண்டே லிஃப்ட் மறுபடி பழுதான கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தினேன். காத்திருந்தேன்.

என்னைப் பார்த்து, “அக்கா” என்றார்.

புஷ்பராணி வீட்டில் இல்லை. என்னைத்தான் கூப்பிட்டார். அவருக்கே தப்பென்று தெரிந்துவிட்டது போல, கண் கலங்கியது.

நான் திருத்தவில்லை.

“சொல்லுங்க” என்றேன்.