முரசைக் கிழித்தவன் விடுக்கும் ஓலை

நலம் பெருகுக. கரும்பொழில் நாடு ஏழினையும் ஒரு குடைக்கீழ்ப் புரக்கும் வேந்தர் பெருவிறல் வேண்மான் திருவடிகளுக்குக் குன்றக்கோட்டை அமைச்சன் காவிதி நன்னாகன் தலை தாழ்த்தி எழுதுவது. தலைநகரத்து மழையும் வயலும் மக்களும் குறைவின்றி விளங்குக. வாழ்த்து இன்னும் நீளவேண்டும் என்பதை அறிவேன். இரண்டு நாளாகக் கண்மூடாத முதியவனுக்கு அதற்கு வலுவில்லை, பொறுத்தருள்க.

தங்கள் திருமகள் அல்லங்கோதை உயிரோடு இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிட்டேன்.

குதிரையினின்று வீழ்ந்து மரத்துப்போன காலுக்காக அவருக்கு எட்டிவிதை மருந்து கொடுக்கப்பட்டது. பாலில் வேகவைத்து நஞ்சு நீக்கவேண்டிய விதையை, மருந்தறையில் பச்சையாகவே அரைத்துவிட்டனர். நேற்றுக் காலை முதல் சிற்றோசைக்கும் அவர் உடல் வில்லாய் வளைந்து இறுகுகிறது. அறிவோ தெளிவாக இருக்கிறது; வலி முழுவதையும் உணர்கிறார். பேய் பிடித்தது என்பாரின் பேச்சு தங்கள் செவிக்கும் வந்திருக்கும். பேயன்று, வேந்தே.

மருத்துவர் பூங்கண்ணியார் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். தலையிலிருந்து பிறக்கும் ஏவல் முதுகுத்தண்டின் வழியே இறங்கி, ஆங்குத் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அடைகிறதாம். அவ்வணு ஒவ்வொன்றின் மேலும் எண்ணற்ற வாயில்கள் உள. நரம்பு நுனிகளில் சுரக்கும் தூதுநீர்கள் பலவாயினும், ஒவ்வொன்றும் தனக்குரிய வாயிலையே திறக்கவல்லது. சில வாயில்கள் திறந்தால் அணு கிளர்ந்து தசையை இழுக்கும்; வேறு சில திறந்தால் தணிந்திருக்கும். நாம் அசையாது அமர்ந்திருப்பது ஏவல் வாராமையால் மட்டுமன்று, தணிக்கும் வாயில்கள் ஓயாது பணிசெய்வதாலும் என்றார். எட்டியின் நஞ்சு அத்தணிக்கும் வாயில்களில் வந்தமர்ந்து, தானும் திறவாது தூதையும் விடாது அடைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு காலடி ஓசையும் தடுப்பாரின்றி எல்லாத் தசையையும் ஒருங்கே எழுப்பிவிடுகிறது. நஞ்சு தானே கழியும் என்றும், நாளை மாலைவரை ஓசையின்றிக் காத்தால் இளவரசி பிழைப்பார் என்றும் பூங்கண்ணியார் உறுதி கூறுகிறார்.

இனி என் குற்றம். மகள்மீதுள்ள அன்பினால் தாங்கள் நேற்றுமுதல் மூன்று ஓலை விடுத்தீர்கள். அரச ஓலை முரசறைந்தே வரவேண்டும் என்பது நம் மரபு. முதல் ஓலையை வணங்கி வாங்கினேன். முரசொலிக்கு உள்ளே இளவரசி உடல் வளைந்தார். இரண்டாம் ஓலை வந்தபோது வாயிலிலேயே முரசை நிறுத்தச் சொன்னேன். முரசறைவோன் மாசாத்தன், முறை தவறினால் தன் கையை வெட்டிவிடுவார்கள் என்று சொல்லி, அழுதுகொண்டே அறைந்தான். மூன்றாவதில் இளவரசியின் மூச்சு நின்று உதடு நீலம் பாய்ந்தது. நலமா என்று மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும் அக்கேள்விதான் அவரைக் கொல்லப் பார்த்தது. எனக்குச் சலித்துவிட்டது, வேந்தே. கத்தியெடுத்து அரச முரசின் தோலைக் கிழித்தேன். மாசாத்தன் குற்றமற்றவன், சோறிட்டு அமரவைத்திருக்கிறேன்.

கோட்டைக் காவலுக்கென்று தாங்கள் தந்த முத்திரை மோதிரத்தைப் பதித்து, வழியிலுள்ள காவற்சாவடிகளுக்கெல்லாம் ஆணையிட்டுள்ளேன்: நாளை மாலைவரை குன்றக்கோட்டைச் சாலையில் முரசும் சங்கும் தேர்மணியும் ஒலிக்கலாகாது. இவ்வோலையும் வெறுங்காலில் நடப்பவன் கையில் வருகிறது. மரபு குறைந்ததென்று அவனைக் கடிய வேண்டாம். மறுமொழியும் வேண்டாம். தாங்கள் தந்தை என்பது அவருக்குத் தெரியும்.

இவை காவிதி நன்னாகன் எழுத்து. அரச முரசைக் கிழித்தவன் தலை நாட்டு முறைப்படி தங்களுக்கு உரியது. நாளை மாலைவரை பொறுக்க இயலாதெனில் இன்றே ஆளனுப்புக, வாயில் திறந்தே இருக்கும். அவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓசைபடாமல் வரட்டும்.