எஸ்தர் அக்கா ஜெபத்தில் சொல்லும் பெயர்கள்

செப். 12, வியாழன்

காலையிலேயே புழுக்கம். மாடியில் போட்ட மிளகாய் இன்னும் காயவில்லை.

ஞாயிறு சபை நாள், எங்கள் சர்ச்சின் ஆண்டு விழா. பாக்கி வேலை: வாழையிலை 300, தண்ணீர் கேன், பந்தல், பிள்ளைகள் பாட்டு ஒத்திகை. சமையலுக்குக் கேட்டரிங் சொல்லியாச்சு. சண்டையே அதில்தான்.

எஸ்தர் அக்கா என்னோடு பேசி மூன்று வாரம். அவர் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி, நான் செயலாளர். ஐக்கியத்தின் லட்சணம்! இருபது வருஷமாகச் சபை நாள் சமையல் அக்கா கையில். சபைக்குப் புதுசாக வந்த போதகர், எங்கள் ஐயர், "பெரியவங்க ஏன் புகையில கஷ்டப்படணும்?" என்றார். நானும் மண்டையை ஆட்டினேன். ஆராதனையில் அறிவிப்பு வாசித்தபோதுதான் அக்காவுக்கே தெரியும். வாசித்தவள் நான். பாத்திர ரூம் சாவியை என் மடியில் போட்டுவிட்டுப் போனவர், அப்புறம் சர்ச் பக்கமே வரவில்லை.

எங்கள் சபையை விட்டு ஏனாத்தூர் ஜெபவீட்டுக்குப் போகப் போகிறார் என்று பேச்சு. அக்கா போனால் சபைக்குப் பாதி உயிர் போகும். எனக்கு முழுசும்.

செப். 13, வெள்ளி

மூன்று மணி வெயிலில் ஐயரோடு ஐயம்பேட்டை, அக்கா வீட்டுக்கு. ஷேர் ஆட்டோவில் ஐயர் பைபிள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். முப்பது வயசுப் பிள்ளை, பாவம்.

டீ வந்தது. என் பக்கம் அக்கா கண் கூடத் திரும்பவில்லை.

"உங்கள கேக்காம முடிவு பண்ணது என் தப்பும்மா" என்றார் ஐயர்.

"தப்பு இன்னா இருக்குது, ஐயா. ஜெபம் பண்ணிட்டுக் கெளம்புங்க. வேல கெடக்குது."

நம் வீடுகளில் இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். போய்ட்டு வாங்க, அவ்வளவுதான். நான் பையை எடுத்துவிட்டேன். ஐயர் அசையவில்லை.

"நீங்க பண்ணுங்கம்மா. எங்களுக்காக."

டீ டம்ளர்களை ஓரமாக நகர்த்தினார் அக்கா. பிறகு முக்காடு போட்டார்.

அக்காவுக்கு ஒரு வழக்கம். சபையாரை உட்காரும் வரிசைப்படி, பேர் சொல்லித்தான் ஜெபிப்பார். முதல் பெஞ்சு, பாக்கியம் டீச்சரின் கண் ஆபரேஷன். இரண்டாம் பெஞ்சு, ஐயர் வீட்டம்மாவுக்கு ஏழாம் மாசம். மூன்றாம் பெஞ்சில் டெய்சி, அடுத்து நான். கண்ணை மூடிக்கொண்டே எண்ணினேன். என்னைத் தாண்டிப் போய்விட்டால் இந்தச் சபையில் எனக்கு இடமே இல்லை என்று தோன்றியது. டெய்சி பேர் வந்தது. நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஆண்டவரே, சரோஜாவோட முட்டிவலி. படி ஏறறப்போ அவ படற பாடு உமக்குத் தெரியும்."

முட்டிவலியை அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அழுதுவிட்டேன்.

வாசலில் ஐயரிடம், "கேட்டரிங்காரனுக்கு இன்னா பதில் சொல்லுவீங்க?" என்றார். என்னிடம் இன்னும் பேச்சில்லை.

செப். 14, சனி

கேட்டரிங்காரரை ஐயரே சமாளித்துவிட்டார். அவர் ஐஸ்கிரீம் மட்டும் கொண்டு வருவார்.

சர்ச் பின்பக்க ஷெட். வெங்காயம் 25 கிலோ. ஐயர், கமிட்டி, பாடகர் குழு, எல்லாரும் தரையில். ஐயர் கைவேலையைப் பார்த்து அக்கா: "தோலு மட்டும் உரிங்க, ஐயா. வெங்காயத்தயே காணாம அடிச்சிக்கினு இருக்கீங்க!" ஷெட்டே சிரித்தது. ஐயருக்குக் கண்ணில் தண்ணீர், வெங்காயமோ சிரிப்போ.

எனக்கு மட்டும் உத்தரவு ஆள் மூலம். "டெய்சி, அவள புளி கரைக்கச் சொல்லு." நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். கரைத்தேன். முட்டிவலி இன்று பரவாயில்லை.

செப். 15, ஞாயிறு

தூறல். பந்தல் தப்பியது. பிரியாணி அடிபிடிக்கவில்லை, ஸ்தோத்திரம். ஐஸ்கிரீம் உருகிவிட்டது, பிள்ளைகள் குடித்தார்கள்.

கடைசிப் பந்தி சமைத்தவர்களுக்கு. பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஐயரும் கமிட்டிக்காரர்களும் பரிமாறினார்கள். பழக்கமில்லாத கை, எங்கெங்கோ இலை காலி. அக்கா ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கத்திரிக்காயைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல்:

"மூணு வாரமா ஜெபத்துல எம் பேரு சொன்னியாடி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லக்கா. கோவமா இருந்தேன்."

"நானுந்தான்டி கோவமா இருந்தேன்" என்று தன் இலையிலிருந்த முட்டையை எடுத்து என் இலையில் வைத்தார்.