வாயில் முட்டை சுமந்த நெட்டைக்காலி

சாக்கு எடுக்கலாமென்று இன்று காலை பின்னறையைத் திறந்தேன். உன் இடுப்பில் தேய்த்த தைலத்தின் வாசனை இன்னும் அங்கேயே நிற்கிறது. உன் கட்டிலில் சற்று உட்கார்ந்தேன். எழுந்திருக்க நெடுநேரம் ஆனது.

சம்பா நட்ட சமயம்தான் நீ கொல்லையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாய். நம் மகள் துபாயில். கஞ்சி கொடுத்துவிட்டு நான் வயலுக்குப் போனால் மதியம்வரை நீ தனி. துணைக்கு இருந்தது, கூரை மூலையில் நூல்நூலான கால்களோடு தலைகீழாகத் தொங்கிய ஒரு சிலந்தி. ஒட்டடைக்கோலோடு வந்த என்னைத் தடுத்தாய்.

"நெட்டக்காலி பாட்டுக்கு இருக்கட்டும், விடுங்க. கொசுவ அதுதான் புடிக்குது."

பிறகு நான் வரும்போதெல்லாம் அது என்ன தின்றது என்று சொல்வாய். கொசு, எறும்பு, விளக்குக்கு வந்த பூச்சி. ஒருநாள் தன்னைவிடப் பெரிய சிலந்தியையே பிடித்துவிட்டதாம். கிட்டே போகாமல், எட்ட நின்றே பின்னங்காலால் நூலை வீசி வீசிக் கட்டியதை இரண்டு கையாலும் நடித்துக் காட்டினாய். விழுந்த பிறகு நீ சிரித்தது அன்றுதான்.

கார்த்திகையில் அது முட்டைகளை ஒரு சின்ன உருண்டையாக வாயில் கவ்விக்கொண்டது.

"அத கீழ வைக்காம, ஒண்ணுமே திங்காம கெடக்குதுங்க" என்றாய். உன் கஞ்சியும் அப்படியே ஆறிக் கிடந்தது.

பல்லி வந்தபோது நானும் அறையில் இருந்தேன். நெட்டைக்காலி வலையோடு சேர்ந்து அதிர்ந்தது. உருவமே தெரியாத அளவுக்கு ஆடியது. பல்லியை விரட்ட நான் கோலை எடுத்தேன்.

"வேணாங்க. அதுக்கும் பசிக்கும்ல" என்றாய்.

பல்லி ஒரே தாவலில் முட்டையோடு விழுங்கிவிட்டது. நீ சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள். உன் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"வயலுக்குப் போவலயா?"

களை மண்டிக் கிடந்தது. "இன்னிக்கி வேல இல்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போய்ட்டா நீங்க யாருகிட்ட பேசுவீங்க?" என்று கேட்டாய். கதிர் முற்றும் முன்பே நீ போய்விட்டாய்.

எங்கே போனாலும் இப்போது என் கண் மேல்மூலையைத் தேடுகிறது. போன வாரம் தஞ்சாவூரில் கண் டாக்டருக்காகக் காத்திருந்தபோது ஒரு நெட்டைக்காலியைப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவரிடம், "அது வாயில முட்டைய வச்சிருக்குங்க, பாருங்க" என்றேன். அவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு செல்போனுக்குத் திரும்பிவிட்டார். நீயாக இருந்தால், பக்கத்தில் பல்லி எதுவும் இருந்ததா என்று கேட்டிருப்பாய். இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.